420 சொற்களும் ஒரு புள்ளியும்: உருதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்புத்தகம் போட்ட கதை

மே மாதக் கடைசியில் ஆபா ஒரு கோடு போட்ட நோட்டோடு கடைக்கு வந்தார். எங்கள் ஊர் வாணியம்பாடி. இங்கே உருது வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் டீச்சரை ஆபா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா என்று அர்த்தம். நானும் அப்படியே பழகிவிட்டேன்.

"தம்பி, இதைச் சின்னப் புக்கா போட்டுக் குடுக்க முடியுமா? 300 காப்பி போதும். ஸ்கூல் திறந்து ஒரு மாசத்துக்குள்ள வேணும்."

பிரித்துப் பார்த்தேன். 420 ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே உருதுவில் பொருள், அதற்கும் பக்கத்தில் எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி விளக்கம். அவர் கையெழுத்து அழகு. எனக்கோ உருது காதுக்குப் பழக்கம், கண்ணுக்கு இல்லை. பக்கத்துக் கடை பாய் போனில் பேசுவதில் முக்கால்வாசி புரியும். அவர் கடைப் பலகையில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஆனாலும் டிடிபி கடைக்காரன் வந்த வேலையை வேண்டாம் என்று சொல்வானா? சரி என்றேன். எட்டு நாளில் முடிப்பேன் என்று வேறு சொன்னேன். ஐந்து வாரம் ஆனது.

முதல் நாளே ஓர் அடி. 20 வருஷமாகக் கல்யாணப் பத்திரிகைக்கும் பில் புக்குக்கும் நான் வைத்திருக்கும் பழைய மென்பொருளில் மாதிரிக்கு ஒரு வரி உருது ஒட்டிப் பார்த்தேன். வரிசையாகக் கேள்விக்குறிகள் நின்றன. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடே தெரியாத காலத்துச் சரக்கு அது, அதைச் சொல்லிக் குற்றமில்லை. லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாறினேன்.

தாளை மிச்சம் பிடிக்க எனக்கு ஒரு யோசனை. உருதுப் பொருள் இருக்கும்போது ஆங்கில விளக்கம் எதற்கு, அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டால் பக்கம் பாதியாகக் குறையுமே என்றேன். ஆபா நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி இரண்டு இடத்தில் விரலை வைத்தார். ஒன்று 'டுமாரோ', இன்னொன்று 'யெஸ்டர்டே'. இரண்டுக்கும் எதிரே ஒரே சொல்: 'கல்'. உருதுவில் நேற்றும் 'கல்', நாளையும் 'கல்'. வாக்கியத்தில் வரும் வினைச்சொல்தான் எந்தக் 'கல்' என்று காட்டிக்கொடுக்கும். முந்தாநாளும் நாளை மறுநாளும் அப்படியே, இரண்டும் 'பர்ஸோன்'. உருதுக் கட்டத்தை மட்டும் படித்த பிள்ளை பரீட்சையில் நேற்று ஊருக்குப் போவேன் என்று எழுதி வைக்கும். 'இன்றைக்கு முந்தைய நாள்' என்று எளிய ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தால் தப்பிக்கும்.

ஆங்கில விளக்கத்தை மட்டும் வைத்தாலும் ஆகாது. 'அங்கிள்' என்ற சொல்லுக்கு ஆங்கில விளக்கம் அப்பா அல்லது அம்மாவின் சகோதரர் என்று பொத்தாம் பொதுவாக முடியும். உருதுப் பிள்ளைக்கு அப்பாவின் தம்பி 'சச்சா', அண்ணன் 'தாயா', அம்மாவின் அண்ணன் தம்பி 'மாமூ', அத்தையின் கணவர் 'ஃபூஃபா', சித்தி பெரியம்மாவின் கணவர் 'காலூ'. சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று வளர்ந்த நமக்கு இது சொல்லாமலே விளங்கும். இந்த ஐந்து பேரும் ஆங்கிலத்தில் ஒரே நாற்காலியில் உட்கார வேண்டியதுதான் என்று தெரிந்தால்தான் பிள்ளைக்கு அந்தச் சொல் புரிந்ததாகும். ஆக மூன்று கட்டமும் வேண்டும். தாள் செலவைப் பற்றி அதற்கப்புறம் நான் பேசவில்லை.

நோட்டில் நாலாவதாக ஒரு கட்டமும் இருந்தது: ஆங்கில உச்சரிப்பை உருது எழுத்தில் எழுதியது. அதை ஆபாவே அடித்துவிட்டார். உருதுவில் 'ஸ்கூல்' என்பதை முன்னால் அலிஃப் என்ற எழுத்தைச் சேர்த்து 'இஸ்கூல்' என்றுதான் எழுதுவார்கள், பிள்ளையும் அப்படியே சொல்லும். படகு என்ற 'போட்', காலில் போடும் 'பூட்' இரண்டையும் உருதுவில் எழுதினால் ஒரே எழுத்துக்கள்தான் வரும். ஏனென்றால் 'வாவ்' என்ற ஒரே எழுத்து ஓவுக்கும் ஊவுக்கும் வருகிறது. வி, டபிள்யூ இரண்டுக்கும்கூட அதே வாவ்தான். நாம் 'பேக்' என்று எழுதிவிட்டு மூட்டை கட்டுவதா பையா என்று முழிப்பதில்லையா, அந்தக் கதைதான். "வாயால சொல்லிக் குடுக்கறேன், எழுத வேணாம்" என்றார்.

இனி தட்டச்சு. உருது எனக்குத் தெரியாது, அவருக்கு நேரம் இல்லை. பாதிக்கு மேல் அவரே ராத்திரியில் போனில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மிச்சம் 140 சொற்களை அவருடைய தம்பி மகன் தன் மடிக்கணினியில் அடித்துக் கொடுத்தான். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்த பையன். கணினியும் அங்கே வாங்கியது, விசைப்பலகை அரபி. உருதுவுக்கென்று இருக்கும் சில எழுத்துகள் அதில் கிடையாது. அவற்றை வேறு எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டியிருக்கிறான். பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. வில்லங்கமே அங்கேதான்.

மூன்றாவது நாள் ஆபா உட்கார்ந்து, "தம்பி, கிதாப் எத்தனை இடத்துல வருது, தேடுங்க" என்றார். தேடினேன், இரண்டு என்று காட்டியது. அவர் கண்ணாலேயே ஐந்து எண்ணிவிட்டார். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு வேறாக இருக்கிறது. லிப்ரே ஆஃபிஸில் ஓர் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் அதன் யூனிகோடு எண் வரும். 'கிதாப்' தொடங்கும் 'காஃப்' எழுத்தை இரண்டு இடத்தில் அப்படிச் சோதித்தேன். ஒன்று 06ஏ9, மற்றது 0643. முதலாவது உருதுவுக்கானது, இரண்டாவது அரபிக்கானது. 'யே' எழுத்திலும் அதே இரட்டை வேஷம். உருது 'யே' சொல்லின் கடைசியில் வந்தால் கீழே புள்ளி இருக்காது, அரபியில் இரண்டு புள்ளி இருக்கும். சொல்லின் நடுவில் வந்தால் இரண்டும் ஒரே முகம். அதனால் பாதித் தவறு கண்ணில் படும், பாதி படாது.

அரபிக் காஃபுக்குப் பதில் உருதுக் காஃப், அரபி யேக்குப் பதில் உருது யே என்று மொத்தமாக மாற்றினேன். தேடல் ஐந்து என்று காட்டியது. தலைகால் புரியவில்லை எனக்கு. அதே வேகத்தில் 'ஹே' எழுத்தையும் மாற்றிவிட்டேன்: 0647 வரும் இடமெல்லாம் 06சி1.

மறுநாள் ஆபா அச்சுப்படியைப் படித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்திச் சிரிக்க ஆரம்பித்தார். 'ஹவுஸ்' என்றால் முத்தாம். இன்னும் கீழே 'ஃப்ரூட்' என்றால் முன்முயற்சியாம்.

நடந்தது இது. உருதுவில் ஹே இரண்டு. ஒன்று தனியாக ஒலிப்பது. இன்னொன்று 'தோ சஷ்மி ஹே', இரட்டைக் கண் ஹே. அது தனியாக ஒலிக்காது, முன்னால் இருக்கும் எழுத்தோடு சேர்ந்து அதற்கு மூச்சைக் கொடுக்கும். வீட்டைக் குறிக்கும் 'கர்' என்ற சொல்லில், நாம் தமிழில் காட்ட முடியாத அந்த அழுத்தமான 'க'வுக்கு இரட்டைக் கண் ஹே வேண்டும். அங்கே சாதா ஹே போட்டால் அது 'குஹர்', அதாவது முத்து. பழத்துக்கான 'பல்' அதே மாதிரி 'பஹல்' ஆகிவிட்டது. அரபி எழுத்துருவில் 0647 சொல்லின் நடுவில் வரும்போது இரட்டைக் கண்ணாகவே தெரியும். பையன் திரையில் அது சரியாகத்தான் இருந்திருக்கிறது. அவன் இரண்டு ஹேக்கும் ஒன்றையே அடித்திருக்கிறான். நான் எல்லாவற்றையும் ஒரே பக்கமாகத் தள்ளியதில் மூச்செல்லாம் போய்விட்டது.

இதற்கு மொத்த மாற்றம் உதவாது. எந்த ஹே எங்கே என்று மொழி தெரிந்தவர்தான் சொல்ல முடியும். பழைய கோப்பை வைத்திருந்தேன், நல்ல வேளை. அந்த 140 வரிகளை மட்டும் தனியாக அச்செடுத்து, 0647 வரும் எழுத்தையெல்லாம் மஞ்சள் அடித்துக் கொடுத்தேன். ஆபா பச்சைப் பேனாவால் கண் வைக்க வேண்டிய இடத்தில் இரண்டு வட்டம் போட்டார். நான் ஒவ்வொன்றாக 06பிஇ என்று மாற்றினேன். இரண்டு சாயங்காலம் போனது. அந்த இரண்டு சாயங்காலத்தில்தான் எனக்கு உருது எழுத்து பிடிபட ஆரம்பித்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

வரி மாறாமல் இருக்க அச்சுப்படியின் ஓரத்தில் உருதுப் பொருளைத் தமிழில் குறித்துக்கொண்டேன், அவர் வாசிக்க வாசிக்க. குறிக்கும்போதுதான் கவனித்தேன், பாதிச் சொல் நம் வீட்டில் புழங்குவது. வசூல், பாக்கி, அசல், நகல், சந்தா, சிபாரிசு. 'ப்ரெசென்ட்' என்பதற்கு ஹாஜிர். நம் கோர்ட்டில் 'ஆஜர்'. தெரிந்த சொல்தானே என்று தைரியம் வந்தது, அந்தத் தைரியத்தில் ஒரு திருத்தமும் சொன்னேன். 'ரெசிக்னேஷன்' என்பதற்கு அவர் 'இஸ்தீஃபா' என்று எழுதியிருந்தார். "ஆபா, இது ராஜினாமாதானே?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். உருதுவில் 'ராஜிநாமா' என்றால் இரண்டு தரப்பும் ராஜியாகி எழுதிக்கொள்ளும் பத்திரம், சமரசப் பத்திரம். வேலையை விடுவது அல்ல. 'சவால்' அங்கே வெறும் கேள்வி. 'மாமூல்' என்றால் வழக்கமாக நடப்பது, அவ்வளவுதான்; அதை மேஜைக்கு அடியில் கொண்டுபோனது நாம். அதற்கப்புறம் அர்த்தத்தில் கை வைப்பதை நிறுத்திவிட்டு, கட்டத்தில் கை வைத்தேன்.

கட்டத்தில் வந்த தொல்லையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இந்த வேலையை வேறு யாராவது எடுத்தால் உதவும். லிப்ரே ஆஃபிஸில் ஒவ்வொரு பத்திக்கும் மேலை எழுத்துக்கு ஓர் எழுத்துரு, சிக்கல் எழுத்துக்கு ஓர் எழுத்துரு என்று தனித்தனியாக அமைப்பு உண்டு. அரபி, உருது மட்டுமல்ல, நம் தமிழும் அந்தச் சிக்கல் எழுத்துக் கணக்கில்தான் சேரும். நான் அது தெரியாமல், எல்லாப் பத்திக்கும் பொருந்தும் பொதுப் பாணியிலேயே (ஸ்டைல் என்பார்கள்) உருது எழுத்துருவை வைத்துவிட்டேன். முன்பக்கத்தில் கடை முகவரி தமிழில் இருந்தது. அது வேறு ஏதோ எழுத்துருவுக்குத் தாவி, வரிகளுக்கு நடுவே ஒரு ஆள் படுக்கலாம் போல இடைவெளி விட்டு நின்றது. அரை நாள் தேடினேன். கடைசியில் உருதுக் கட்டத்துக்கென்று தனிப் பாணி, தமிழுக்கென்று தனிப் பாணி என்று பிரித்தேன், சரியானது. உருதுப் பாணியில் வலமிருந்து இடம் என்ற திசையையும் அப்போதே வைத்துவிட வேண்டும். ஒவ்வொரு கட்டமாகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் விடியாது.

அடுத்து உயரம். உருதுவை எழுதும் நஸ்தலீக் பாணி நம் எழுத்தைப் போல ஒரே கோட்டில் உட்காராது. ஒவ்வொரு சொல்லும் வலப்பக்கம் மேலே தொடங்கி இடப்பக்கம் கீழே சரியும். நீளமான சொல்லென்றால் அதற்கேற்ற உயரம் வேண்டும். முதலில் நோட்டோ நஸ்தலீக் உருது எழுத்துருவைப் போட்டேன். பார்க்க அருமை, ஆனால் ஏ5 பக்கத்தில் ஏழு சொல்தான் நின்றது. இடத்தை இழுத்துப் பிடிக்கலாம் என்று வரி இடைவெளியை நிலையான அளவாக வைத்தேன். மேலே புள்ளிகளும் கீழே வால்களும் வெட்டுப்பட்டன. புள்ளி போனால் உருதுவில் எழுத்தே போச்சு. 'நிலையான' என்பதை எடுத்து 'குறைந்தபட்சம்' என்று வைத்தேன். எழுத்துருவை ஜமீல் நூரி நஸ்தலீகுக்கு மாற்றினேன். அது கொஞ்சம் அடக்கமானது. பக்கத்துக்கு 11 சொல் வந்தது, 420 சொல்லுக்கு 39 பக்கம்.

இந்தச் சரிவுதான் உருதை அவ்வளவு காலம் அச்சு ஈயத்தில் அடங்கவிடாமல் வைத்தது. காதிப் எனப்படும் எழுத்தர்கள் பத்திரிகை முழுவதையும் கையால் எழுதிக் கொடுத்த காலம் நீண்டது. மிர்சா அகமது ஜமீல் ஆயிரக்கணக்கான கூட்டெழுத்துகளைக் கையால் எழுதி மோனோடைப் இயந்திரத்துக்குத் தந்த பிறகு, 1981-இல் பாகிஸ்தானின் ஜங் நாளிதழ் கணினி நஸ்தலீகில் வந்தது. நூரி நஸ்தலீக் என்ற பெயர் அந்த எழுத்துக்குத்தான். நம் சென்னை திருவல்லிக்கேணியிலோ, 1927-இல் தொடங்கிய முஸல்மான் நாளிதழ் அதற்கப்புறமும் காதிப்களின் பேனாவிலேயே வந்துகொண்டிருந்தது. வால் வெட்டுப்பட்ட என் முதல் அச்சுப்படியைப் பார்த்தபோது அவர்கள் செய்தது நியாயம் என்றே தோன்றியது.

அடைப்புக்குறியில் ஒரு சண்டை. 'வொய்' என்பதற்கு ஆபா 'கியூன்' என்று எழுதியிருந்தார். எங்கள் ஊர்ப் பிள்ளை எதுவும் வீட்டில் அப்படிக் கேட்காது. 'கைக்கு' என்றுதான் கேட்கும். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'. இதெல்லாம் தக்னி, தெற்கத்தி உருது. அதையும் போடலாமே என்றேன். "பரீட்சையில எழுதி வச்சா யார் மார்க் குடுப்பாங்க?" என்றார். விடாமல் பேசி, ஏழு சொல்லுக்கு மட்டும் அடைப்புக்குறிக்குள் தக்னியும் போட அனுமதி வாங்கினேன். போட்ட உடனே அடைப்புக்குறிகள் இடம் மாறி, இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. அடைப்புக்குறிக்கென்று சொந்தத் திசை கிடையாது. கட்டத்தின் திசை இடமிருந்து வலமாக இருந்தால் கடைசியில் வரும் குறி அந்தப் பக்கம் ஓடிவிடும். அந்த ஏழு கட்டங்கள் பின்னால் சேர்த்தவை, பாணி போடாமல் விட்டிருந்தேன். பாணியைப் போட்டதும் அடங்கின.

வரிசைப்படுத்தியது பத்து நிமிஷ வேலை. ஆங்கிலச் சொல்லை வைத்து அட்டவணையை அடுக்கச் சொன்னால் போதும். சில சொற்கள் 'ஏ' எழுத்துக்கும் முன்னால் போய் நின்றன; அவற்றின் முன்னால் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது, வாட்ஸ்அப்பிலிருந்து வந்த சீதனம்.

39 பக்கத்தோடு முன்பக்கங்களும் பிள்ளைகள் எழுதிப் பார்க்கக் கோடு போட்ட பக்கங்களும் சேர்த்து 44, அட்டை நாலு, ஆக 48. நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்கு நாலின் மடங்கு வேண்டும், சரியாக வந்தது. அச்சகத்துக்கு முதலில் கோப்பை அப்படியே அனுப்பினேன். அங்கே இந்த எழுத்துரு இல்லை, நஸ்தலீக் எல்லாம் நேர்க்கோட்டு அரபி எழுத்தாகத் திறந்தது. எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் அனுப்பியிருக்க வேண்டும், அது என் சோம்பல். பிடிஎஃப் போனது. இரண்டு நாள் கழித்து டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம், வந்தது. அட்டையில் உருதுவைப் பார்த்தவர்கள் வலப்பக்கம் முதுகு வைத்து மடித்திருந்தார்கள். திறந்தால் கோடு போட்ட பக்கங்கள் முதலில், ஏ எழுத்து கடைசியில். தலைப்புச் சொல் ஆங்கிலமாக இருக்கும் அகராதி ஆங்கிலப் புத்தகம் போலத்தான் திறக்கும். மௌல்வி அப்துல் ஹக் தொகுத்து 1937-இல் வந்த பெரிய ஆங்கில–உருது அகராதியை ஆபா அவர்களிடம் காட்டச் சொல்லி என் கையில் கொடுத்தனுப்பினார். தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனேன். ஒரு துண்டுச் சீட்டில் 'முதுகு இடப்பக்கம்' என்று நான் முதலிலேயே எழுதியிருந்தால் அந்தக் கனத்தைச் சுமந்திருக்க வேண்டாம்.

ஜூலை முதல் வாரம் 300 காப்பி வந்தது. கட்டுப் பிரித்து ஆபா எட்டாம் வகுப்புப் பெண்கள் நாலு பேரைக் கடைக்கு அழைத்து வந்தார், எண்ணி எடுத்துப் போக. அதில் ஒரு பெண் எண்ணாமல் படித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து ஆபாவின் காதில் ஏதோ சொன்னாள்.

'மதர்' என்பதற்கு எதிரே உருதுவில் 'மா' என்று இருக்க வேண்டும். அதன் கடைசி எழுத்து 'நூன் குன்னா', மூக்கால் ஒலிக்கும் நூன். அதற்குப் புள்ளி கிடையாது. புள்ளி வைத்தால் முழு நூன், அப்போது அது 'மான்', அதாவது மானம், மரியாதை. அச்சில் புள்ளி இருந்தது. அந்த அரபி விசைப்பலகையில் நூன் குன்னாவும் இல்லை. நாங்கள் காஃபைத் தேடினோம், யேயைத் தேடினோம், ஹேக்கு இரண்டு சாயங்காலம் செலவழித்தோம். இந்தப் புள்ளியைப் பார்க்கத் தோன்றவே இல்லை. கோப்பைத் திறந்து உடனே தேடிப் பார்த்தேன். கடைசியில் குன்னா வர வேண்டிய மற்ற இடங்களெல்லாம் ஆபா போனில் அடித்தவை, சரியாக இருந்தன. இது ஒன்றுதான்.

திரும்ப அச்சடிக்கக் காசு இல்லை. ஒட்டுச் சீட்டு அடிக்கலாம் என்றேன், அம்மா என்ற சொல்லின் மேல் ஒட்டுப் போடுவதா என்று ஆபா முகம் சுளித்தார். கூட்ட வேண்டியதில்லையே, ஒரு புள்ளியை எடுத்தால் போதுமே. அரை பிளேடை எடுத்து மூலையால் மெல்லச் சுரண்டினேன். முதல் நாலு காப்பியில் தாள் ஓட்டை விழுந்தது. ஐந்தாவதில் கை பழகியது. பிளேடைச் சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல், ஒரே திசையில் மூன்று தடவை. அப்புறம் நகத்தால் தேய்த்து நாரை அமுக்கிவிட வேண்டும். பிள்ளைகள் பக்கத்தைத் திறந்து நீட்ட, ஆபாவும் நானும் ஆளுக்கொரு பிளேடோடு உட்கார்ந்தோம். மூன்று மணி நேரம். தவறைக் கண்டுபிடித்த பெண் மட்டும் தன் காப்பியை என்னிடம் நீட்டவில்லை. பிளேடைக் கேட்டு வாங்கி அவளே சுரண்டினாள், ஓட்டை விழாமல்.